புகையில்லா இழுவைக் கப்பல்: கடற்படை தயங்குவது ஏன்?

கடற்படை என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது என்ன? பீரங்கி! விமானந்தாங்கிக் கப்பல்! நீருக்கடியிலே பதுங்கிச் செல்லும் நீர்மூழ்கி! படம் பிடிப்போர் அவற்றைத்தான் பிடிக்கிறார்கள். பாராட்டுவோர் அவற்றைத்தான் பாராட்டுகிறார்கள். ஆனால் தோழர்களே, ஐயாயிரம் பேரைச் சுமந்து, அணுசக்தியால் ஓடி, உலகையே வலம் வந்த அந்தப் பெருங்கப்பல், தன் வீட்டு வாசலுக்கு வந்ததும் உள்ளே நுழையத் தெரியாமல் தத்தளிக்கிறதே, அப்போது அதைக் கைப்பிடித்து உள்ளே அழைத்து வருவது யார் தெரியுமா? முப்பது மீட்டர் நீளங்கூட இல்லாத ஒரு குட்டிக் கப்பல்!

இழுவைக் கப்பல் என்று நாம் எழுதுகிறோம். துறைமுகத் தொழிலாளி அதை 'டக்' என்றுதான் சொல்லுவார். கப்பல் ஓடும்போதுதான் சுக்கான் பேசும். வேகம் குறையக் குறையச் சுக்கானின் பேச்சு எடுபடாது. காற்று ஒரு பக்கம் தள்ளும், நீரோட்டம் மறுபக்கம் இழுக்கும். அந்த வேளையில் இரண்டு இழுவைகள், சில நேரம் நான்கு இழுவைகள், முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நின்று, வடத்தால் இழுத்தும் மூக்கால் முட்டியும், அந்த மலையைத் தளத்தோடு சேர்க்கின்றன.

இழுவை இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2024 மார்ச் 26 விடியுமுன் அமெரிக்காவின் பால்ட்டிமோர் துறைமுகத்தில் என்ன ஆயிற்று என்று எண்ணிப் பாருங்கள். 'டாலி' என்ற சரக்குக் கப்பலைத் தளத்திலிருந்து பிரித்துவிட்ட இரண்டு இழுவைகள், வழக்கம்போல், வேலை முடிந்ததென்று திரும்பிவிட்டன. சற்று நேரத்தில் கப்பலில் மின்சாரம் போயிற்று. இழுவையைக் கூப்பிட்டார்கள், அது வந்து சேர நேரமில்லை. கப்பல் பாலத்தில் மோதிற்று, பாலம் விழுந்தது. இரவு நேரத்தில் பாலத்தின் மேல் நின்று சாலைக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள், பிழைப்புத் தேடி வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள், மாண்டனர்.

இந்தக் குட்டிக் கப்பலைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது. டீசலை விட்டு மின்சாரத்துக்கு அது மாறத் தொடங்கியிருக்கிறது. வணிகத் துறைமுகங்கள் மாறுகின்றன. கடற்படைகளோ, கோடிகோடியாய்ப் பணத்தைக் கொட்டும் கடற்படைகளோ, பெரும்பாலும் இன்னும் கரையிலே நின்று வேடிக்கை பார்க்கின்றன.

இழுவையின் வேலை எப்படிப்பட்டது என்பதை முதலில் பாருங்கள். சுமை தூக்கும் தொழிலாளி ரயில் வரும்வரை காத்திருப்பார், வண்டி வந்ததும் முதுகு முறிய நான்கு மூட்டை தூக்குவார், மறுபடி காத்திருப்பார். இழுவையும் அப்படித்தான். நாளில் பெரும்பகுதி நேரம் சும்மா நிற்கும், அல்லது மெல்ல நகரும். சில நிமிடங்கள் மட்டும் அதன் முழு வலிமையும் வேண்டும். அந்தச் சில நிமிடங்களுக்காகப் பெரிய டீசல் இஞ்சினைப் பொருத்துகிறார்கள். எப்போது அழைப்பு வருமோ என்று, வேலையில்லாத நேரத்திலும் அதை ஓடவிட்டு வைக்கிறார்கள். பெரிய டீசல் இஞ்சின் சும்மா ஓடும்போது எண்ணெய் சரியாக எரியாது, கரி படியும், புகை கக்கும்.

அந்தப் புகை யார் மேல் படிகிறது? அமைச்சர் மேலா? அட்மிரல் மேலா? செராங்கு மேல் படிகிறது. வடம் கட்டும் லஸ்கர் மேல் படிகிறது. எல்லாருக்கும் கீழே, காது செவிடாகும் ஓசையிலும் அனலிலும் நிற்கிற இஞ்சின் டிரைவர் மேலும் கிரீசர் மேலும் படிகிறது. நம் நாட்டுக் கடற்படைத் தளங்களிலே துறைமுகக் கலங்களை ஓட்டுவோரில் பலர் சீருடை அணியாத சிவிலியன் தொழிலாளர்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? போர் வீரருக்குப் பதக்கம் உண்டு, பேரணி உண்டு. இவர்களுக்கு இருப்பது எண்ணெய்க் கறை.

டீசல் புகை வெறும் தொல்லையன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, டீசல் இஞ்சின் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012 ஜூனிலேயே தீர்ப்பளித்துவிட்டது. கல்நாரும் புகையிலையும் இருக்கும் அதே முதல் வரிசையிலே டீசல் புகையையும் நிறுத்திற்று. தீர்ப்பு வந்து ஆண்டுகள் பல ஓடிவிட்டன. கிரீசர் இன்னும் அதே அறையில்தான் நிற்கிறார்.

சரி, மின்சாரத்தால் கப்பல் ஓடுமா? நேற்றுத் தோன்றிய கனவா இது? இல்லை. 1838இல் ருஷ்ய நாட்டின் நேவா ஆற்றிலே, யாக்கோபி என்ற அறிஞர் பாட்டரியால் ஓடும் படகில் பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். செலவுக்குப் பணம் தந்தது ஜார் அரசு. வேடிக்கை என்னவென்றால், அதே 1838இல்தான், டிரஃபால்கர் போரில் வாகை சூடிய 'டெமரேர்' என்ற ஆங்கிலப் போர்க்கப்பலை, நீராவி இழுவைகள் தேம்ஸ் ஆற்றில் இழுத்துச் சென்று உடைப்பவரிடம் ஒப்படைத்தன. டர்னர் என்ற ஓவியர் அந்தக் காட்சியைத் தீட்டினார். வெள்ளைப் பேயுருவாய்ப் பெரிய கப்பல். அதன்முன்னே கரும்புகையும் தீயும் கக்கும் குட்டி இழுவை. லண்டன் கலைக்கூடத்தில் அது இன்றும் தொங்குகிறது. பெரிய கப்பலைப் பார்த்து அனைவரும் கண்ணீர் விடுகிறார்கள். அந்தப் புகைக்கு அடியிலே கரி அள்ளிப் போட்டவன் எவன் என்று ஒருவரும் கேட்பதில்லை!

யாக்கோபியின் படகு அத்தோடு நின்றது. பாட்டரியின் எடை அதிகம், விலை அதிகம், வலிமையோ குறைவு. ஆனால் கடற்படைகள் பாட்டரியை மறந்துவிடவில்லை. 1900இல் அமெரிக்கக் கடற்படை ஏற்றுக்கொண்ட 'ஹாலண்ட்' நீர்மூழ்கி நீருக்கடியில் பாட்டரியால்தான் ஓடிற்று. இரண்டு உலகப் போர்களிலும் நீர்மூழ்கிகள் பாட்டரியை நம்பித்தான் பதுங்கின, பாய்ந்தன, கப்பல்களைக் கவிழ்த்தன. ஆக, கொல்லுகிற கலத்துக்குப் பாட்டரி வைக்க நூறாண்டுக்கு முன்பே வழி தெரிந்திருந்தது. தள்ளுகிற கலத்துக்கு வைக்க மட்டும் வழி தெரியவில்லை!

வழியைக் காட்டியவை வணிகத் துறைமுகங்கள். 2009இல் கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகங்களில் 'கரோலின் டாரதி' என்ற கலப்பு இழுவை வேலைக்கு வந்தது. டீசலும் உண்டு, பாட்டரியும் உண்டு. சும்மா நிற்கும்போது பெரிய இஞ்சினை அணைத்துவிடலாம். அந்தப் பாதையில் நடந்த கடற்படை ஒன்று உண்டு. நெதர்லாந்துக் கடற்படை தன் தலைமைத் தளமான டென் ஹெல்டருக்கு மூன்று கலப்பு இழுவைகளைக் கட்டச் செய்து 2016இல் வரவழைத்தது. அவற்றின் பெயர்கள் 'நோர்ட்சே', 'வாடன்சே', 'சௌடர்சே'. மூன்றும் அந்நாட்டுக் கடல்களின் பெயர்கள். மெல்ல நகரும்போது பாட்டரி, பெரும் பாரத்தை இழுக்கும்போது டீசல். போர்க்கப்பல்களை அன்றாடம் தளத்தில் சேர்க்கும் வேலைக்கு இந்த ஏற்பாடு போதும் என்று ஒரு கடற்படையே ஒப்புக்கொண்டது. மற்றவர்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாமே!

முழு மின்சார இழுவைக்கு நியூசிலாந்தைப் பாருங்கள். 2022இல் ஆக்லாந்துத் துறைமுகத்துக்கு வந்த 'ஸ்பார்க்கி', வியட்நாமின் ஹைபாங் நகரில் கட்டப்பட்டது. பெயரை ஊர் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். 70 டன் இழுவிசை. பாட்டரியில் 2,784 யூனிட் மின்சாரம். இரண்டு மணி நேரத்தில் மறுபடி ஏற்றிவிடலாம். ஒருமுறை ஏற்றினால் மூன்று நான்கு கப்பல்களை நகர்த்தலாம். கட்டும் செலவு டீசல் இழுவையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. ஓட்டும் செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இது துறைமுக நிர்வாகமே சொன்ன கணக்கு. அந்தத் துறைமுகம் யாருக்குச் சொந்தம்? ஆக்லாந்து நகர மன்றத்துக்கு. முதலில் இருமடங்கு செலவிட்டு, இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் அதைத் திரும்ப எடுக்கும் பொறுமை பொதுச் சொத்துக்கு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபக் கணக்குப் பார்க்கும் முதலாளிக்கு அந்தப் பொறுமை வருமா?

இப்போது சான் டியகோவுக்கு வாருங்கள். அமெரிக்காவின் பசிபிக் கடற்படையின் பெருங்கோட்டை அது. ஒரு கரையில் விமானந்தாங்கிகள். மறுகரையில் வரிசை வரிசையாய்ப் போர்க்கப்பல்கள், கப்பல் கட்டும் தளங்கள், சரக்குத் தளம். இவற்றுக்கு இடையே நசுங்கிக் கிடக்கிறது பேரியோ லோகன் என்ற தொழிலாளர் குடியிருப்பு. மெக்சிகோ வழிவந்த மக்கள். கப்பல் தளங்களிலும் மீன் தொழிற்சாலைகளிலும் உழைத்த குடும்பங்கள். 1963இல் நெடுஞ்சாலை அவர்கள் குடியிருப்பின் நடுவே ஓடி அதை இரண்டாய்ப் பிளந்தது. 1969இல் கொரனாடோ பாலம் அவர்கள் தலைக்கு மேலே எழுந்தது. பாலத்தின் அடியிலே பூங்கா அமைப்பதாகச் சொன்ன இடத்தில் போலீஸ் நிலையம் கட்ட 1970 ஏப்ரலில் இயந்திரங்கள் வந்தபோது, மாணவரும் மாதரும் தொழிலாளரும் கைகோத்து வந்து நிலத்தில் உட்கார்ந்தனர், நகர மறுத்தனர். பூங்காவை வென்றனர். பாலத்தின் தூண்களிலே அவர்கள் தீட்டிய ஓவியங்கள் இன்றும் அந்த வெற்றியைச் சொல்லுகின்றன.

பூங்காவை வென்றவர்களால் காற்றை வெல்ல முடியவில்லை. நெடுஞ்சாலையின் லாரிப் புகை, கப்பல் புகை, தளத்துப் புகை. அங்கே பிள்ளைகளுக்கு இளைப்பு நோய் அதிகம் என்று பல ஆண்டுகளாக அவர்கள் முறையிட்டு வந்தனர். அந்தக் கரையில்தான் 2024இல் 'ஈவுல்ஃப்' என்ற மின்சார இழுவை வேலைக்கு வந்தது. அமெரிக்காவில் துறைமுக வேலைக்கு வந்த முதல் முழு மின்சார இழுவை அது. அலபாமா மாநிலத்துக் கப்பல் தளத்தில் கட்டியது. நீளம் 25 மீட்டர், இழுவிசை 70 டன். பாட்டரி கொள்ளும் மின்சாரம் 6,200 யூனிட். மாதம் 100 யூனிட் எரிக்கும் ஏழைக் குடும்பத்துக்கு அது ஐந்தாண்டுக்கும் மேல் வரும்! அது வருமுன் அந்த வேலையைச் செய்த டீசல் இழுவை ஆண்டுக்கு 30,000 காலன், நம் கணக்கில் ஏறத்தாழ 1,13,000 லிட்டர் டீசல் குடித்தது. புதிய இழுவையின் முதல் பத்தாண்டில் 178 டன் நைட்ரஜன் ஆக்சைடும் இரண்டரை டன் டீசல் துகளும் காற்றில் கலக்காமல் தப்பும் என்பது அவர்கள் மதிப்பீடு. இரண்டரை டன் கரித்துகள்! கண்ணுக்குத் தெரியாத பொடி, நுரையீரலின் அடி ஆழம்வரை போகிற பொடி, ஒரே ஒரு குட்டிக் கப்பலின் பங்கு மட்டும் இவ்வளவு.

இந்த இழுவை கடற்படையின் சொத்தன்று. தனியார் நிறுவனம் ஒன்று நடத்துகிறது. கட்டுவதற்குப் பொதுப்பணமும் சேர்ந்தது. பக்கத்திலேயே இத்தனை போர்க்கப்பல்களை வைத்திருக்கும் கடற்படை இதைத் தானே முதலில் செய்திருக்கக் கூடாதா? உலகிலேயே மிகப் பெரிய படைச் செலவு செய்யும் நாடு, ஒரு விமானத்தின் விலையிலே எத்தனை இழுவைகளைக் கட்டலாம் என்று கணக்குப் பார்த்ததுண்டா?

"கடற்படைக்குச் சரிப்படாது" என்று சொல்வோர் உண்டு. அவர்கள் சொல்லுவதில் ஒன்றை நாமும் ஒதுக்கிவிட முடியாது. அதே சான் டியகோவில், 2020 ஜூலை 12 அன்று, 'போனம் ரிச்சர்ட்' என்ற பெரும் போர்க்கப்பல் தளத்தில் கட்டிக் கிடக்கும்போதே தீப்பிடித்தது. நான்கு நாளுக்கும் மேல் எரிந்தது. இழுவைக் கப்பல்கள் பக்கத்தில் நின்று இரவு பகலாய் நீரைப் பீய்ச்சிக் கப்பலின் உடலைக் குளிர வைத்தன. பாட்டரி இழுவையால் நான்கு நாள் இடைவிடாமல் பம்பு ஓட்ட முடியுமா? முடியாது. சில மணி நேரத்தில் கரைக்குத் திரும்பி மின்சாரம் ஏற்றியாக வேண்டும். எதிரியின் குண்டு விழுந்து கரையின் மின்சாரமே போய்விட்டால் அதுவும் இல்லை.

இதற்கு விடை இல்லாமல் இல்லை. 'ஈவுல்ஃப்' கப்பலிலேயே அவசரத்துக்கு இரண்டு சிறிய ஜெனரேட்டர்கள் வைத்திருக்கிறார்கள். அது போதாதென்றால், டென் ஹெல்டரில் உள்ளதுபோல் ஒன்றிரண்டு கலப்பு இழுவைகளைத் தளத்தில் வைத்துக்கொள்ளட்டும். தீ விபத்து எப்போதோ ஒருநாள் வருவது. அந்த ஒருநாளைக் காட்டி ஆண்டு முழுவதும் 365 நாளும் புகை குடி என்று தொழிலாளியிடம் சொல்வது என்ன நியாயம்?

பாட்டரியிலும் ஆபத்து உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2019 அக்டோபரில் நார்வே நாட்டின் பாட்டரிப் படகு ஒன்றில் தீப்பிடித்தது. அணைந்தது என்று எண்ணியிருந்த வேளையில், மறுநாள் உள்ளே சேர்ந்த வாயு வெடித்தது. பன்னிரண்டு தீயணைப்பு வீரர்கள் நச்சுவாயுவை மூச்சிழுத்த ஐயத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டனர். டீசல் நெருப்பை அணைக்கப் பழகியவனுக்குப் பாட்டரி நெருப்புப் புதிது. பாட்டரி அறைக்குத் தனிக் காற்றோட்டம் வேண்டும். வாயுவை முன்கூட்டிச் சொல்லும் கருவி வேண்டும். அதை இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளைப் பற்றித்தான் ஒருவரும் பேசுவதில்லை.

கரி போய் எண்ணெய் வந்த காலம் நினைவிருக்க வேண்டும். முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு ஆங்கிலக் கடற்படை தன் பெரிய போர்க்கப்பல்களை எண்ணெய்க்கு மாற்றத் தொடங்கிற்று. வேகம் கூடும், புகை குறையும் என்றார்கள், உண்மைதான். நெருப்பறையிலே கரி தள்ளும் ஆட்கள் பாதிப் பேர்கூடத் தேவைப்படமாட்டார்கள் என்பதையும் ஆதாயக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். கப்பல் நிறுவனங்களும் அதே வழியில் சென்றன. அனலில் வெந்து கரி தள்ளியவர்களில் இந்திய லஸ்கர்கள் ஆயிரக்கணக்கானவர். அனல் போயிற்று, நல்லது. அதோடு பலருடைய அடுப்பும் அணைந்தது.

இன்று மின்சார மோட்டார் வந்தால், எண்ணெய் மாற்றும் வேலை குறையும், வடிகட்டி மாற்றும் வேலை குறையும், இஞ்சினைப் பிரித்துப் பூட்டும் வேலை குறையும். இஞ்சின் அறைக்கு ஆள் எதற்கு என்று கேட்பவன் நாளை வருவான். வேறு நாட்டிலே நடந்ததைப் பாருங்கள். பிரிட்டன் தன் கடற்படைத் துறைமுகங்களின் இழுவைகளை ஓட்ட அரசுத் துணைப்படை ஒன்றை வைத்திருந்தது. 2008 மார்ச்சில் அதைக் கலைத்து, வேலை முழுவதையும் செர்கோ என்ற தனியார் நிறுவனத்தின் கையில் நீண்ட ஒப்பந்தத்துக்குக் கொடுத்தது. போர்க்கப்பல் அரசுக்குச் சொந்தம். அதைக் கரை சேர்க்கும் கைகள் மட்டும் ஒப்பந்தக்காரருக்குச் சொந்தம்! இயந்திரம் மாறும் வேளையே இத்தகைய கைமாற்றத்துக்கு வசதியான வேளை. புதிய கப்பல், புதிய டெண்டர், புதிய ஆள், பழைய ஆளுக்குக் கும்பிடு.

இது நமக்குத் தொலைதூரக் கதையன்று. 2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசு பசுமை இழுவைத் திட்டம் ஒன்றை அறிவித்தது. முதல் கட்டத்துக்கு நான்கு துறைமுகங்கள்: மும்பை அருகே உள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகம், காண்ட்லாவின் தீனதயாள் துறைமுகம், பாரதீப், நம் தூத்துக்குடி. 2027 முடிவுக்குள் ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு பசுமை இழுவைகளை வாங்க வேண்டும், அல்லது வாடகைக்கு அமர்த்த வேண்டும். இது வணிகத் துறைமுகங்களுக்கான திட்டம். கடற்படைத் தளங்கள் இதில் இல்லை. அண்மை ஆண்டுகளில் கடற்படைக்காக நம் நாட்டுத் தளங்கள் கட்டிக்கொடுத்த 25 டன் இழுவைகள் டீசலில்தான் ஓடுகின்றன. உள்நாட்டிலே கட்டியது பாராட்டத்தக்கது. அவை நெடுநாள் உழைக்கும் கலங்கள். அந்த நெடுநாளும் அவற்றின் கிரீசர் அதே புகையில்தான் நிற்பார் என்பதை யாராவது அவரிடம் சொன்னார்களா?

"வாங்க வேண்டும் அல்லது வாடகைக்கு அமர்த்த வேண்டும்" என்ற வரியை மறுபடி படியுங்கள். வாங்கினால் துறைமுகத்தின் ஆள் ஓட்டுவார். வாடகைக்கு எடுத்தால் கப்பல்காரரின் ஆள் ஓட்டுவார். அந்த 'அல்லது'வில்தான் நம்மவரின் வேலை ஊசலாடுகிறது.

தூத்துக்குடித் துறைமுகம் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கியது. வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனிக்கு எதிராக 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டவர். 1908இல் அதே ஊரில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றவர். கப்பலையும் தொழிலாளியையும் தனித்தனியாகப் பார்க்காத மனிதர் அவர். அங்கே வரப்போகும் இழுவைக்கு டெண்டர் எழுதும்போது பாட்டரி எத்தனை யூனிட், இழுவிசை எத்தனை டன், மின்சாரம் ஏற எத்தனை மணி என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். இப்போதிருக்கும் இஞ்சின் டிரைவருக்கும் கிரீசருக்கும் எத்தனை நாள் பயிற்சி, பயிற்சி நாளில் முழுச் சம்பளம் உண்டா, புதிய கப்பலில் அவர்களுக்கே முதல் இடமா என்ற மூன்று வரிகள் அந்தக் காகிதத்தில் இருக்கின்றனவா என்று துறைமுகச் சங்கத் தோழர்கள் இன்றே எழுத்திலே கேட்டு, பதிலை எழுத்திலே வாங்கி வைக்கட்டும்.